காலி லாரியின் பாரம்

1961ஆம் வருடம் அக்டோபரில் திண்டுக்கல்லில் ஓர் உயிரின் விலை ஏழு ரூபாய் இருபத்தைந்து நயா பைசா. ஒரு டின் பிரேக் ஆயில் அன்றைக்கு அந்த விலைதான் விற்றது. ஏழு ரூபாய்க்கு முடியுமா என்று தங்கமுத்து பேசிப் பார்த்தார். கடைக்காரர் மசியவில்லை. தங்கமுத்து கடையை விட்டு இறங்கிவிட்டார்.

இது நடந்தது. கூட்டிச் சொல்லி விற்கிற சரக்கு இதில் ஒரு குன்றிமணி அளவுகூடக் கிடையாது. தேதி, மணி, வளைவு எண் எல்லாம் சடையாண்டி தன் கைக்கடிகாரத்தையும் சாலையோரக் கல்லையும் பார்த்து மனதில் வாங்கியவை. அந்தக் கடிகாரம் நாளைக்கு இரண்டு நிமிடம் முந்தும். அதையும் கழித்துத்தான் இங்கே எழுதியிருக்கிறது.

சடையாண்டி கொக்கி லாரியின் டிரைவர். வழியில் படுத்துவிட்ட லாரிகளை இழுத்து வருகிற வண்டிக்கு ஊரில் அந்தப் பெயர்தான். யுத்தம் முடிந்தபின் ராணுவம் ஏலத்தில் விட்ட வண்டி. முதுகில் ஒரு கிரேன், ஒரு கொக்கி, பின்னால் வருகிற லாரியைப் பிணைக்க ஆறடி இரும்புத் தண்டு. ஏலத்தில் எடுத்தவர் தங்கமுத்து. மேற்கு ரத வீதியில் எண்ணெய் மண்டி வைத்திருந்தார்.

சடையாண்டியிடம் ஒரு சட்டம் இருந்தது. மற்ற லாரிகளுக்குப் பிரேக் ஆயிலை வருடத்துக்கு ஒரு தரம் மாற்றினால் போதும். பின் அச்சில் இருக்கிற டிப்ரன்சலுக்குப் பத்தாயிரம் மைலுக்கு ஒரு தரம். கொக்கி லாரிக்கு இரண்டும் அதில் பாதிக் கெடு. தன் பாரத்தோடு அடுத்தவன் பாரத்தையும் இழுக்கிற வண்டி அது. மீட்டரில் ஒரு மைல் ஓடினால் டிப்ரன்சலுக்கு அது இரண்டு மைல். பிரேக் ஆயில் இன்னும் மோசம். அது காற்றிலிருந்து ஈரத்தைக் குடிக்கும். ஈரம் குடித்த ஆயில் மலை இறக்கத்துச் சூட்டில் கொதிக்கும். கொதித்தால் குழாய்க்குள் ஆவி நிற்கும். ஆவியை மிதித்து எந்த வண்டியையும் நிறுத்த முடியாது. ஆகவே மழைக்கு முன்னால் கட்டாயம் ஒரு தரம் மாற்ற வேண்டும்.

அக்டோபர் 13, வெள்ளிக்கிழமை. தங்கமுத்து பிரேக் ஆயில் டப்பாவுக்குள் ஒரு விளக்குமாற்றுக் குச்சியை விட்டு எடுத்தார். மண்டியில் பீப்பாய் பார்க்கிற அதே கை, அதே பார்வை.

“அளவு குறையலையே அப்பு.”

“எப்பிடிக் குறையும் முதலாளி? குறையக் குறைய நீங்கதான் மண்டியிலேர்ந்து விளக்கெண்ணெய ஊத்தி நெரப்பிடுறீங்களே. பதினாலு மாசமாச்சு மாத்தி.”

“சுத்தமான சரக்குலே. உன் வயித்துக்கே ஊத்தலாம்.”

“வயித்துக்கு ஊத்துனா என்ன ஆகும்னு தெரியும். பிரேக்குக்கும் அதான் ஆகும்.”

தங்கமுத்து சிரித்தார். சிரித்தால் அவர் பேரத்தை முடிக்கப் போகிறார் என்று அர்த்தம்.

“சரி. ரெண்டு ஆயிலு கேக்குற. ஒண்ணு தாரேன். எதுன்னு நீயே சொல்லு.”

எள்ளு, வெல்லம் எதுவானாலும் பேரம் பாதி விலையில் முடிகிற ஊர். கேட்டதில் பாதிக்கு முடிந்தால்தான் இரு பக்கமும் நிம்மதியாகத் தூங்கும். சடையாண்டியும் அந்த வீதியில் வளர்ந்தவன்தான். பிரேக் விஷயத்தில் பாதி என்ற ஒன்று கிடையாது என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தே பேரத்துக்கு இறங்கினான். டிப்ரன்சல் ஒரு வாரமாக ஊளையிட்டுக்கொண்டிருந்தது. அதைக் கேட்டு வாங்கினான். பிரேக் ஆயில் தீபாவளிக்கு என்று முடிந்தது.

அன்று மாலையே டிப்ரன்சலுக்குப் புது ஆயில் இறங்கியது. தேன் நிறம். ஊளை நின்றது.

பத்தாம் நாள், 23ஆம் தேதி, திங்கட்கிழமை பகல் ஒரு மணிக்குச் சடையாண்டியின் தங்கை ராமுத்தாய் ஷெட்டுக்கு ஓடி வந்தாள். தலையிலிருந்து மழைத் தண்ணீர் சொட்டியது.

“அண்ணே, அவரு வண்டி மலையில படுத்துருச்சாம். பஸ்ஸுக்காரரு சொன்னாரு.”

அவர் என்றால் அவள் கணவன் மொக்கைச்சாமி. அவளுடைய நகைகளை விற்றுத் திருச்சியில் ஒரு பழைய லாரி வாங்கியிருந்தான். புதுப் பலகை அடித்துப் பச்சைப் பெயின்ட் பூசிய வண்டி. சிறுமலைக்கு வாழைத்தார் ஏற்றப் போனது, அந்த வண்டிக்கு முதல் நடை.

“அவரு மட்டும் இறங்கி வரட்டும். வண்டி கெடக்கட்டும்” என்றான் சடையாண்டி.

“வர மாட்டாராம். மழையில மண்ணு சரியுதாம்ணே. இருட்டுறதுக்குள்ள நீ போயி அவரக் கொண்டாந்துரு. எனக்கு வேற யாரு?”

“லோடு இருக்கா?”

“தார அம்புட்டையும் காலையிலயே வேற வண்டிக்கு மாத்திட்டாங்களாம்.”

சடையாண்டி மனதுக்குள் கணக்குப் போட்டான். லோடு லாரி என்றால் இந்தப் பிரேக்கை நம்பி மலை இறங்க முடியாது. காலி லாரி என்றால் இறங்கலாம். மெதுவாக, இரண்டாவது கியரில், பிரேக்கில் காலை அதிகம் வைக்காமல்.

“கொண்டாந்துர்றேன், நீ வீட்டுக்குப் போ” என்று கிளம்பினான்.

மணி 3.10. பதின்மூன்றாவது வளைவு. தூறல். பஞ்சு அடைத்த மாதிரி மூடுபனி. பச்சை லாரி மலைப் பக்கம் ஒதுங்கி நின்றது. கேபினில் ஆள் இல்லை. மொக்கைச்சாமி ஐம்பது அடி தள்ளி ஒரு மரத்தடியில் நனைந்துகொண்டிருந்தான். தலையில் ஒரு கோணிச் சாக்கு.

“என்ன மாப்ளே, உள்ள உக்காந்திருக்க வேண்டியதுதான?”

“உள்ள புழுக்கமா இருக்கு மச்சான்.”

சடையாண்டி அவனைப் பார்த்தான். பேசும்போது அவன் வாயிலிருந்து புகை மாதிரி ஆவி வந்தது. அம்புட்டுக் குளிர்.

“காய்ச்சலா?”

“இல்ல. சீக்கிரம் மாட்டு. போயிருவோம்.”

என்ஜின் பேரிங் போயிருந்தது. இழுத்துத்தான் ஆக வேண்டும். சடையாண்டி குனிந்து தண்டை மாட்டினான். அப்போதுதான் பின் சக்கரத்துக்கு மேலே ஸ்பிரிங் பட்டைகளைக் கவனித்தான். காலி லாரியில் அவை வில் மாதிரி வளைந்து நிற்க வேண்டும். இவை நிமிர்ந்து கிடந்தன... முழு லோடு ஏற்றிய மாதிரி. பழைய வண்டி, பட்டை சோர்ந்திருக்கும் என்று விட்டுவிட்டான்.

இழுக்கப்படுகிற வண்டியில் ஒருவர் உட்கார்ந்து ஸ்டியரிங் பிடிக்க வேண்டும். தேவைப்பட்டால் அங்கேயும் பிரேக் போட வேண்டும். ஒரு ஹாரன் என்றால் பிரேக் போடு, இரண்டு என்றால் விடு. சொல்லி முடித்ததும் மொக்கைச்சாமி தயங்கித் தயங்கித் தன் கேபினில் ஏறினான். இரண்டு பக்கக் கண்ணாடியையும் முழுக்க இறக்கிவிட்டான். மழை உள்ளே அடித்தது. அவன் பொருட்படுத்தவில்லை.

மணி 3.38. கிளம்பினார்கள்.

நூறு கஜம்கூடப் போகவில்லை.

டிப்ரன்சல் முனகியது.

அந்தச் சத்தத்தை வைத்துப் பின்னால் எத்தனை டன் வருகிறது என்று சடையாண்டி கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவான். காலி லாரிக்கு அது வண்டு மாதிரி ரீங்கரிக்கும். லோடு லாரிக்கு அடிவயிற்றிலிருந்து முனகும். ஊம்ம்ம்... ஊம்ம்ம்... இது லோடு. புது ஆயில் போட்டுப் பத்து நாள்தான் ஆகிறது. பொய்ச் சத்தம் வர வழியில்லை.

பன்னிரண்டாவது வளைவு முடிந்ததும் கைப்பிரேக்கைப் போட்டு நிறுத்தினான். இறங்கிப் பின்னால் நடந்தான். பச்சை லாரியின் சக்கரத்தில் கால் வைத்து ஏறிப் பலகைக்கு மேலே எட்டிப் பார்த்தான்.

காலி.

நாலைந்து வாழைச் சருகு. ஒரு அறுந்த கயிறு. நனைந்து கறுத்த பலகைத் தளம்.

ஆனால் தளம் முழுவதும் நனைந்திருக்கவில்லை.

அங்கங்கே காய்ந்த திட்டுகள். ஒவ்வொன்றும் ஒரு முறம் அகலம். ஓரமாக வரிசையாகச் சில. நடுவில் நெருக்கமாகச் சில. மேலே கூரை இல்லை, படுதா இல்லை. காலை பதினொரு மணியிலிருந்து மழை. அந்தத் திட்டுகளில் மட்டும் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

“என்ன மச்சான்?” மொக்கைச்சாமி கேபினிலிருந்து கேட்டான். திரும்பிப் பார்க்காமல் கேட்டான்.

“சும்மா.”

“பின்னாடி... ஏதும் இருக்கா?”

“என்ன இருக்கப் போகுது? சருகு கெடக்கு.”

“சரி. நிக்காத. போ.”

சடையாண்டி தன் வண்டிக்குத் திரும்பினான். வேகமாக நடந்தான். ஓடவில்லை. ஓடினால் எதுவோ தெரிந்துகொண்டதாக ஆகிவிடும்.

மணி 4.02. பத்தாவது வளைவு. முனகல் கூடியது.

மணி 4.13. எட்டாவது வளைவு. கால் பிரேக்கிலேயே கிடந்தது. எடுத்தால் பின்வண்டி நெட்டித் தள்ளியது. சக்கரங்களிலிருந்து சூடு காலுக்கு ஏறி வந்தது.

மணி 4.21. ஏழாவது வளைவு. அடுப்பில் விளக்கெண்ணெய் காய்கிற வாடை. கொஞ்சமாக. பிறகு கேபின் முழுக்க.

தங்கமுத்துவின் சுத்தமான சரக்கு சூடேறிக்கொண்டிருந்தது. ஏழு ரூபாய் இருபத்தைந்து பைசா. சடையாண்டி கைக்காசைப் போட்டிருந்தாலும் வாங்கியிருக்கலாம்.

மணி 4.26. பெடல் மெத்தென்று இறங்கியது. இரண்டு மிதி மிதித்தான். பாதி பிடித்தது.

ஆறாவது வளைவு வந்தது. மூன்று மிதி மிதித்தான். கால்வாசி பிடித்தது. இடது பக்கச் சக்கரம் பள்ளத்து ஓரக் கல்லை உரசித் திரும்பியது. கல் கழன்று விழுந்தது. அது கீழே போய்ச் சேர்ந்த சத்தம் கேட்கவில்லை.

மணி 4.29. பெடல் பலகையைத் தொட்டது.

மறுபடி மிதித்தான். பலகை.

மறுபடி. பலகை.

கைப்பிரேக்கை இழுத்தான். கருகல் வாடை. வேகம் குறையவில்லை. என்ஜின் அலறியது. டிப்ரன்சல் முனகலை விட்டுக் கதறத் தொடங்கியது.

ஒரு ஹாரன் அடித்தான். மாப்பிள்ளை, பிரேக் போடு.

ஒன்றும் ஆகவில்லை.

மறுபடி ஒரு ஹாரன்.

பின்னாலிருந்து ஹாரன் வந்தது. நீளமாக. விடாமல். அப்படி ஒரு சைகையை அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. ஆனாலும் சடையாண்டிக்குப் புரிந்தது. அங்கேயும் பிரேக் இல்லை.

ராமுத்தாயின் நனைந்த முகம் ஒரு கணம் கண்ணுக்குள் வந்து போனது.

எதிரே ஐந்தாவது வளைவின் வெள்ளைக் கல். அதற்குப் பின்னால் வெறும் பனி.

அறுபது கஜம்.

நாற்பது.

அப்போது...

டிப்ரன்சல் சத்தம் சட்டென்று இறங்கியது.

வண்டு மாதிரி ரீங்காரம்.

பாரம் இல்லை. மொத்தமாக இறங்கிவிட்டது.

பிறகு கேட்டது.

சர்ர்ர்... சர்ர்ர்...

டயர் சத்தம் இல்லை. ஈரச் சரளையில் வெறுங்கால்கள் தேய்கிற சத்தம். ஒரு ஜோடி இல்லை. பல ஜோடி. குதிகாலை ஊன்றி, வழுக்கி, மறுபடி ஊன்றி...

சர்ர்ர்...

தண்டு பின்பக்கமாக இறுகியது. ‘கிரீச்’ என்றது. யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்த மாதிரி.

வேகம் குறைந்தது.

கண்ணாடியில் பார்த்தான்.

பச்சை லாரியின் முகம். உள்ளே மொக்கைச்சாமி. இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டிருந்தான்.

ஸ்டியரிங்கை யாரும் பிடிக்கவில்லை.

அது திரும்பியது. வளைவுக்குச் சரியாக.

லாரிக்குப் பின்னால் பனி. பனி மட்டும்.

சர்ர்ர்...

ஐந்தாவது வளைவை மனிதன் நடக்கிற வேகத்தில் கடந்தார்கள்.

நான்கு.

மூன்று.

இரண்டு.

மூச்சு வாங்குகிற சத்தம்... பல பேர்.

சடையாண்டி அதன்பிறகு கண்ணாடியைப் பார்க்கவில்லை.

மணி 4.51. முதல் வளைவு. தரை சமமானது. தேய்கிற சத்தம் நின்றது. தட்... தட்... தட்... பின்வண்டியின் பலகைகள் அதிர்ந்தன. டிப்ரன்சல் மறுபடி முனகியது. ஊம்ம்ம்...

மணி 4.56. அடிவாரத்து வனத்துறை கேட். கைப்பிரேக்கை இழுத்ததும் வண்டி நின்றது. கேட் காவலுக்கு இருந்த கார்டு நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். புது ஆள், பெயர் சங்கிலி. சடையாண்டியைப் பார்த்துப் பென்சிலை ஒரு தரம் அசைத்தார். பின் லாரிக்குப் போனார். அங்கே பென்சில் அசைந்துகொண்டே இருந்தது. உதடுகளும் அசைந்தன. இரண்டு பேரை எழுத இம்புட்டு நேரமா என்று சடையாண்டிக்குத் தோன்றியது.

கேட் தூக்கினார்கள். கொக்கி லாரி கடந்தது. பச்சை லாரி கடந்தது.

தட்.

தட்.

தட்.

பலகை அதிர அதிர டிப்ரன்சல் லேசாகிக்கொண்டே வந்தது. கடைசியில் வண்டு ரீங்காரம்.

வெளியே யாரும் தெரியவில்லை. தூறலும் சோளக் காடும்தான்.

ஊர் எல்லை டீக்கடையில் மொக்கைச்சாமி இரண்டு கைகளாலும் கிளாஸைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“மச்சான், அந்தச் சத்தம்...”

“குடி. ஆறிரும்.”

அவ்வளவுதான் பேச்சு. ராமுத்தாய் வாசலிலேயே நின்றிருந்தாள். கணவனைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். “ஏன் இப்பிடி அனலா கொதிக்குது?” என்றாள். மூன்று நாள் காய்ச்சலில் கிடந்து எழுந்தான்.

மறுநாள் ஷெட்டில் சடையாண்டி டிப்ரன்சல் அடைப்பானைக் கழற்றினான். பதினோரு நாள் முன்பு தேன் நிறத்தில் ஊற்றியது தார் மாதிரி இறங்கியது. விரலில் தேய்த்தால் இரும்புத் துகள் மினுங்கியது. தங்கமுத்து குனிந்து முகர்ந்து பார்த்தார்.

“காலி லாரி இழுத்தேன்னுதான சொன்ன?”

“ஆமா முதலாளி.”

“இது காலி லாரி இழுத்த ஆயில் இல்லையே அப்பு.”

நடந்ததைச் சடையாண்டி சொன்னான். தங்கமுத்து கேலி செய்யவில்லை. பேரமும் பேசவில்லை. சடையாண்டியையும் கூட்டிக்கொண்டு நேரே கடைக்குப் போய்ப் பிரேக் ஆயில் இரண்டு டின் வாங்கி வந்தார். பாக்கிச் சில்லறையை எண்ணாமல் பையில் போட்டுக்கொண்டதைப் பார்த்துத்தான் சடையாண்டிக்கு மறுபடி பயம் வந்தது.

நவம்பர் 2, வியாழக்கிழமை, காலை பத்தே கால். கேட் கார்டு சங்கிலி ஷெட்டுக்கு வந்தார். கக்கத்தில் இரண்டு பதிவேடுகள்.

“டிரைவரே, ஒரு கையெழுத்துப் போடணும். ரேஞ்சர் என்னயப் பிடிச்சு உலுக்குறாரு. கணக்கு இடிக்குதாம்.”

“என்ன கணக்கு?”

“மலைக்கு யாரு ஏறுனாலும் எழுதணும். இறங்குனாலும் எழுதணும். பச்ச லாரியில முந்தின நாளு ஏறுனது ஒரு ஆளு. அன்னைக்கு உங்க வண்டியில ஏறுனது ஒரு ஆளு. ரெண்டு. இறங்குறப்ப பதிமூணு எழுதியிருக்கேன். பின்னால உக்காந்திருந்த பதினோரு பேரு எந்தப் பாதையா மேல போனாங்க?”

சடையாண்டி கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

“நீங்க பாத்தீங்களா?”

“பாக்காம எப்பிடி எழுதுவேன்? மழையில குனிஞ்சு குனிஞ்சு உக்காந்திருந்தாங்க. ஒரு ஆளும் நிமிரல. காலெல்லாம் தேஞ்சு ரத்தம். கூலியாளுங்கன்னு நெனச்சேன். நீங்க ஏத்தலைதான?”

“எத்தனைன்னு சொன்னீங்க?”

“பதினொண்ணு. ரெண்டு தரம் எண்ணுனேன்.”

சங்கிலி இரண்டாவது பதிவேட்டைப் பிரித்தார். பழையது. ஓரம் செல்லரித்திருந்தது. பச்சை லாரியின் நம்பரை வைத்து ரேஞ்சர் தேடச் சொன்னாராம். தேடியதில் அதே நம்பர் கிடைத்ததாம். 1957, ஏப்ரல் 12. எலுமிச்சை பறிக்கப் போன கூலியாட்களை ஏற்றிக்கொண்டு மலை ஏறிய லாரி. அன்று சாயங்காலம் இறங்கும்போது ஐந்தாவது வளைவில் பிரேக் பிடிக்காமல் பள்ளத்தில் போயிருக்கிறது. ஒருவரும் பிழைக்கவில்லை. உடல்களைப் பள்ளத்தின் வழியாகவே மறுபக்கத்து ஊருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கேட் வழியாக யாரும் வரவில்லை. ஆகவே இறக்கம் என்ற கட்டத்தில் யாரும் எதுவும் எழுதவில்லை. நாலரை வருடமாக அது காலியாகவே கிடந்தது.

இப்போது அதில் எழுதியிருந்தது. ரேஞ்சர் எழுதச் சொல்லவில்லை என்றார் சங்கிலி. தனக்குத்தான் மனசு கேட்கவில்லையாம். பென்சிலில்.

சடையாண்டி வெளிச்சத்தில் பிடித்து வாசித்தான்.

ஏற்றம்: கூலியாட்கள் பதினொன்று, ஓட்டியவர் ஒன்று. ஆகப் பன்னிரண்டு.

இறக்கம், 23.10.61: கூலியாட்கள் பதினொன்று.

நிலுவை: ஒன்று.